கருப்பு ஒயர்

குருவைத் தேடிக் கேள்வியோடு போகிறவர்கள் உண்டு. சென்னியப்பன் கயிற்றோடு போனார். கயிற்றின் ஒரு முனையில் டிராக்டர், மறுமுனையில் அவருடைய கார்.

கோபியில் சத்தி ரோட்டில் பஞ்சர் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ‘செல்ப், டைனமோ, ஒயரிங்’ என்று எழுதியிருக்கும். கடை கலாமணியுடையது. நாற்பத்திரண்டு வயது, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காதிடுக்கில் ஒரு டெஸ்டர். வண்டியில் கரண்ட் சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறுக்கும் சுற்று வட்டாரத்தில் அவர்தான் கடைசிப் புகலிடம். கடைசி என்பதால் எல்லோரும் கடைசியாகத்தான் வருவார்கள். நாலு இடத்தில் கொடுத்துக் கெடுத்துவிட்டு வருவார்கள். அதில் கலாமணிக்குத் தீராத எரிச்சல் உண்டு.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். எதையாவது கையில் கொடுத்து, செய்து பார்க்கச் சொல்வார். அவசரத்தில் வந்தவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். போனவர்கள் ஒரு மாதத்தில் திரும்பியும் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டிராக்டர் வந்து நின்றது. சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். இறங்கும்போதே பேசிக்கொண்டுதான் இறங்கினார்.

“அம்மிணி, இந்தக் காரைக் கொளுத்தினா என்ன கேசு போடுவாங்க?”

“என்னாச்சுங்கண்ணா?”

“என்ன ஆகலைன்னு கேளுங்க.”

அவருக்கு அறுபது வயது. முப்பது வருஷமாக வாழைத்தார் ஏலம் கூவுகிறவர். அந்தக் குரலை வீட்டுக்கென்று தனியாக இறக்கி வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பஞ்சர் கடைக்காரர் டயரைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

“ஆறு மாசத்துல மூணு பேட்டரிங்க. மொதோ மெக்கானிக்கு பேட்டரி செத்துப்போச்சுன்னான். புதுசு போட்டேன். இருவது நாளு. ரெண்டாவது ஆளு டைனமோ சார்ஜ் ஏத்தலைன்னான். அதையும் மாத்துனேன். ஒரு மாசம். மூணாவது ஆளு பெல்ட்டு லூசுன்னான். நாலாவது ஆளு, மூணாவது ஆளு போட்ட பெல்ட்டு டைட்டுன்னான். அஞ்சாவது ஆளு என்னைய ஏசி ரூமுல உக்கார வெச்சு, காப்பி குடுத்து, கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்ன்னான். அந்த நல்லா இருக்கற வண்டி அவன் கேட்டைத் தாண்டலை. ஆறாவது ஆளு வித்துப்போடுங்கன்னான்.”

“இன்னைக்கு எங்கீங்க நின்னுச்சு?”

“கவுந்தப்பாடி. காலையில ஆறு மணி. சிவப்பா ஒரு லைட்டு எரிஞ்சுது. அப்புறம் ஹெட்லைட்டு மங்குச்சு. அப்புறம் ஆரன் இருமுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லீங்க.”

காரின் முன் சீட்டில் அவர் மனைவி தெய்வானை உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே புதிதாக ஒட்டிய பிளாஸ்திரி. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மெஷின். பிந்தினால் பிந்தியதுதான், அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். அன்றைக்குக் கவுந்தப்பாடியில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை ஆகிவிட்டது. நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷின் இரண்டரை மணி நேரம்தான் ஓடியது. திரும்பக் கவுந்தப்பாடிக்கு வந்துதான் டிராக்டர் பிடித்தார்கள்.

“ஏனுங்க,” என்று தெய்வானை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“சித்தெ சும்மாரு. பேசிட்டிருக்கறனில்ல.” சென்னியப்பன் திரும்பவில்லை. “இவ இப்ப என்ன சொல்றா தெரியுங்களா அம்மிணி? வெள்ளிக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போனா, அப்படியே தம்பி ஊட்ல இருந்துக்கறாளாமா. அவன் ஊடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயாமா. இனி இங்க வர மாட்டாளாமா. முப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க கண்ணாலம் கட்டி. ஒரு டைனமோவுக்காகப் போறேங்கறா.”

“ஏனுங்க, நான் என்ன சொல்றேன்னா...”

“சும்மாருன்னு சொன்னனில்ல. வண்டியப் பத்திப் பேசறோம்.”

தெய்வானை மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சென்னியப்பனின் கைப்பேசி அடித்தது. மூன்றாவது மெக்கானிக். காலையிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டதற்கு இப்போதுதான் திருப்பிக் கூப்பிடுகிறார். சென்னியப்பன் ரோட்டோரத்துக்குப் போய், ஈரோடு வரைக்கும் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்.

கலாமணி ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய்த் தெய்வானையிடம் நீட்டினார். தெய்வானை உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தண்ணீர் அளவுதான். டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகும் கலாமணி கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றார்.

சென்னியப்பன் திரும்பி வந்தபோது முடிவோடு வந்தார்.

“எனக்கு ரிப்பேர் வேண்டாமுங்க அம்மிணி. சொல்லிக் குடுங்க. என்ற வண்டிய நானே பாத்துக்கறேன். இனி ஒருத்தனையும் நம்பறதா இல்ல.”

“கத்துக்கறீங்களா?”

“கத்துக்கறேன்.”

“வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு நாள்தானுங்க இருக்குது.”

“எனக்கு ஒரு நாள் போதும்.”

கலாமணி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வாங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். அக்காவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க.”

“பானட்டைத் தொறந்துகூடப் பாக்கலையே?”

“அதை நீங்க தொறப்பீங்க.”

புதன்கிழமை எட்டரைக்கே சென்னியப்பன் வந்துவிட்டார். புது நோட்டு ஒன்றும் பேனாவும் வைத்திருந்தார். கடை பெஞ்சில் அவருக்கு முன்பே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோழித்தீவன வியாபாரி. ஆரன் அடித்தால் அவர் காரில் ஹெட்லைட் அணைந்துவிடும். ஹெட்லைட் போட்டால் பாட்டு நின்றுவிடும். இரண்டு வருஷமாக ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். மற்றவர் பள்ளிக்கூட வாத்தியார். பண்ணாரிக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் பெல்ட் அறுந்து, குடும்பத்தோடு மூன்று மணி நேரம் குரங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர். இரண்டு பேரும் தங்களுடைய வண்டிக்கு என்ன வியாதி என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். சென்னியப்பனும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை.

கலாமணி அந்த இரண்டு பேரையும் அனுப்பி வைத்துவிட்டு வந்தார்.

“அண்ணா, வண்டியில பேட்டரி எதுக்கு...”

“வண்டி ஓடறதுக்கு.”

“நான் இன்னும் கேட்டு முடிக்கலீங்க.”

“செரி, கேளுங்க.”

“ஓடிட்டு இருக்கற வண்டியில பேட்டரி எதுக்குங்க?”

சென்னியப்பன் பேனாவைத் திறந்தார். மூடினார். “அதான் ஓடிட்டு இருக்குதே.”

“அதத்தானுங்க கேக்கறேன்.”

“அம்மிணி, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

கலாமணி நோட்டை வாங்கி அலமாரியின் மேல் வைத்தார். ஒரு பேட்டரியைத் தூக்கி பெஞ்சில் வைத்தார். அதிலிருந்து ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கருப்பு ஒயரும் ஒரு பல்புக்குப் போயின. இரண்டு முனையிலும் கிளிப் மாட்டியிருந்தது. பல்பு எரிந்தது. எரிந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பீடி முனை அளவுக்குச் சிவந்திருந்தது.

“இதை நல்லா எரிய வைங்க. என்ன வேணுமோ எடுத்துக்கோங்க. எல்லாம் அலமாரியில இருக்குது.”

“இவ்வளவுதானா?” என்றார் சென்னியப்பன்.

முதலில் பல்பை மாற்றினார். புதுப் பல்பும் பீடி முனைதான். பேட்டரியை மாற்றினார். பிறகு சிவப்பு கிளிப்பை உப்புத்தாள் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, பித்தளை பளபளக்கும்படி செய்தார். பிறகு சிவப்பு ஒயரையே கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடத் தடிமனான ஒயர் ஒன்றைப் போட்டார். பல்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கலாமணி அதற்குள் ஒரு லாரிக்கு செல்ப் மோட்டார் கழற்றி மாட்டி முடித்திருந்தார்.

“அம்மிணி, உங்க பேட்டரி எல்லாம் டூப்ளிகேட்டுங்க.”

“இல்லீங்க.”

“அப்ப பல்பு.”

“இல்லீங்க.”

“இந்த வெயில்ல என்னால முடியாதுங்க. கேட்டா ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?”

“சொன்னா கேப்பீங்களா?”

“கேக்கத்தானுங்க ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கறேன்!”

கலாமணி வந்தார். கருப்பு கிளிப்பைக் கழற்றினார். அதன் பல்லில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. சென்னியப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“சிவப்பை அத்தனை தடவை தேச்சீங்களே. கருப்பை ஏனுங்க தொடவே இல்ல?”

“அது சும்மா திரும்பி வர்ற ஒயருதானுங்களே அம்மிணி. போற பக்கத்துலதான சங்கதி இருக்குது?”

கலாமணி டீ குடிக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் கருப்பு கிளிப்பைக் கழற்றினார். பல்பு அணைந்தது. மாட்டினார். எரிந்தது. திரும்பக் கழற்றினார். அப்படியே ஒரு பத்து தடவை செய்தார். சின்ன வயதில் சுவிட்சைக் கண்ட நாளில் அவர் இப்படிச் செய்து அடி வாங்கியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலையில் அவர் வந்தபோது முகம் சரியில்லை. உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

“பையில துணி எடுத்து வெச்சுட்டா. மாத்திரை டப்பா, சாமி படம், எல்லாம். நான் எவ்வளவோ சொன்னேன் அம்மிணி. விடிய விடியச் சொன்னேன். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா.”

“வண்டியப் பாக்கலாங்களா?”

“பாருங்க.”

“நீங்கதானுங்க பாக்கோணும். கருப்பு எங்க போகுதுன்னு பாருங்க.”

சென்னியப்பன் பானட்டைத் திறந்தார். ஆறு மெக்கானிக்குகள் திறந்து பார்த்த இடம். பேட்டரி புதுசு, டைனமோ புதுசு, பெல்ட் புதுசு. சிவப்பு ஒயரின் முனை பளபளவென்று இருந்தது, ஆளாளுக்குத் தேய்த்திருந்தார்கள். அவர் கருப்பு ஒயரின் மேல் விரலை வைத்தார். பேட்டரியிலிருந்து விரலாலேயே அதைப் பிடித்துக்கொண்டு போனார். ஒயர் பக்கவாட்டில் இறங்கி, பாடியில் ஒரு போல்ட்டில் போய் முடிய வேண்டும். போல்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கொத்து எலுமிச்சையும் மிளகாயும் தொங்கியது.

விரல் அங்கே வந்ததும் சென்னியப்பன் கையை இழுத்துக்கொண்டார்.

“இதுக்குப் பின்னாடிங்க,” என்றார்.

“பாருங்க.”

“இது திருஷ்டிக்குக் கட்டுனது அம்மிணி.”

“தெரியுதுங்க. ஒரு காய்தான கட்டுவாங்க? இதென்ன, பந்தலாட்ட இருக்குது?”

“வண்டி ஒவ்வொருக்கா நின்னப்பவும் ஒண்ணு சேத்துக் கட்டுனேன்.”

“பழசை எடுக்கலீங்களா?”

“எடுத்தா திருஷ்டி எறங்கிப் போறதுக்குப் பதிலா உள்ள போயிரும்னாங்க.”

“எல்லாரும் முன்னாடி பம்பர்லதான கட்டுவாங்க. உள்ள எதுக்குக் கட்டுனீங்க?”

“முன்னாடி கட்டுனா ரோட்டுல போறவன் கண்ணு அதுமேலயே நிக்குது, இஞ்சினுக்குப் பக்கத்துல கட்டுங்கன்னு என்ற சித்தப்பா மகன் சொன்னான். கயிறு சுத்தறதுக்குத் தோதா இந்த ஒரு போல்ட்டுதான் இருந்துச்சு.”

கலாமணி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“ஆறு பேருமா இதைத் தள்ளிப் பாக்கல?”

“அடுத்தவிய திருஷ்டிக் காயை எவன் தொடுவான்? நாலாவது ஆளு இதைக் கும்பிட்டுட்டு அக்கட்டால போயி நின்னுதான் வேலை பாத்தான்.”

“நானும் தொட மாட்டேங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது.” கலாமணி சொன்னது விளையாட்டில்லை. அவர் கடை வாசல் நிலையிலும் ஒரு எலுமிச்சை தொங்கியது. “நீங்க கட்டுனது. நீங்களே அவுருங்க.”

“அமாவாசையிலதானுங்க அவுக்கோணும். இன்னும் ஒம்பது நாள் இருக்குது.”

“அப்ப அமாவாசைக்கு வாங்க.”

“வெளையாடறீங்களா அம்மிணி? நாளைக்குக் காலையில அவ போயிருவா!”

“அப்ப அவுருங்க.”

“உங்களுக்குப் புரியல!” சென்னியப்பனின் குரல் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை போனது. அங்கே ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் குரல், அவருக்குப் பழக்கமே இல்லாத மாதிரி, சட்டென்று இறங்கியது. “இது வண்டிக்குக் கட்டுனதில்லீங்க. அவளுக்குக் கட்டுனது. மெஷின்ல அவளைப் படுக்க வெச்சுட்டு வெளிய வந்து உக்காந்துக்கறேனுங்க. அங்க எனக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. ரத்தம் வெளிய போயிட்டு உள்ள வருது, நர்சு பாத்துக்கறா. போக வர வண்டியாவது பத்திரமா இருக்கட்டும்னு கட்டுனேன். இதை அவுத்து, நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

கலாமணி உள்ளே போய் ஒரு வாழையிலைத் துண்டைக் கொண்டுவந்து ரேடியேட்டரின் மேல் விரித்து வைத்தார்.

“மரியாதையா அவுத்து இதுல வைங்க. கொண்டுபோயி ஓடற தண்ணியில விட்டுருங்க. அதுல ஒரு தப்பும் இல்லீங்க.”

சென்னியப்பன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து இலையில் வைத்தார். மேலே இருந்தவை மஞ்சளாக இருந்தன. அடியில் இருந்தவை அழுகிக் கறுத்திருந்தன. ஒன்றை எடுத்தபோது அதன் சாறு அவர் விரல் வழியாக ஒழுகி, அதே போல்ட்டின் மேல் சொட்டியது.

போல்ட் இருந்த இடத்தில் போல்ட் தெரியவில்லை. பச்சையாக, பொருக்குத் தட்டி, நுரை காய்ந்த மாதிரி ஒன்று அப்பியிருந்தது. கருப்பு ஒயரின் முனை அதற்குள் எங்கேயோ இருந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நின்னுச்சுன்னு கட்டுனேன்,” என்றார் மெதுவாக.

“ம்.”

“கட்டுனதுனாலயா நின்னுச்சு?”

“மொதல் தடவை எதுக்கு நின்னுச்சோ தெரியாதுங்க. பேட்டரி வயசாகிக்கூட நின்னிருக்கலாம். அதுக்கப்புறம் நின்னது இதனால. கருப்பு பிடிக்கலீன்னா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாதுங்க.”

அவரே போல்ட்டைக் கழற்றினார். மூன்று தடவை ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் போனது. ஒயர் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தையும் இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தார். புது போல்ட் போட்டு முறுக்கினார். கலாமணி வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து, சார்ஜ் இறங்கிக் கிடந்த பேட்டரிக்கு ஒயர் கொடுத்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துக்கொண்டது. முன்பு பத்து தடவை இருமிவிட்டு எடுக்கும். இப்போது ஒரே சத்தத்தில் எடுத்தது.

கலாமணி மீட்டரைப் பேட்டரியில் வைத்துக் காட்டினார். “பதினாலு வோல்ட்டுக்கு மேல காட்டுது பாருங்க. சார்ஜ் ஏறுது. லைட்டைப் போடுங்க. ஆரன் அடிங்க.”

சென்னியப்பன் எல்லாவற்றையும் போட்டார். லைட், வைப்பர், ஏசி, பாட்டு. ஆரனை ஒரு நிமிஷம் விடாமல் அடித்தார். பஞ்சர் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எதுவும் மங்கவில்லை.

சந்தோஷம் வந்ததும் கூடவே கோபமும் வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கி ஒவ்வொரு மெக்கானிக்காகப் பேர் சொல்லித் திட்டினார். ஐந்தாவது ஆளின் காபியையும் திட்டினார். கலாமணி கை துடைத்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை காத்திருந்தார். ஆறு பேரும் முடிந்த பிறகுதான் சென்னியப்பனுக்கு அது உறைத்தது.

“ஏனுங்க அம்மிணி. நேத்தே கருப்பு ஒயரை வெச்சுத்தான பாடம் சொன்னீங்க?”

“ஆமாங்க.”

“நேத்து நீங்க என்ற வண்டி பானட்டைத் தொறக்கவே இல்லையே. கையில மீட்டரைக்கூட எடுக்கல. அத்தனை பேரு கண்டுபிடிக்காததை, பாக்காமயே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் எங்கீங்க கண்டுபிடிச்சேன்? செவ்வாக்கெழமை தண்ணி குடுக்கும்போது அக்காகிட்டக் கேட்டேன்.”

“எந்த அக்கா?”

“உங்க ஊட்டுக்காரம்மாதான்.”

சென்னியப்பன் சிரித்தார். “அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுன்னுதானுங்க அவங்களும் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க பானட்டைத் தூக்கும்போது பக்கத்துல நிப்பாங்களாமா. எலுமிச்சங்கா தண்ணி ஒரு கருப்பு ஒயரு மேல சொட்டுது, அந்த எடம் பச்சையாப் பூத்துக் கெடக்குதுன்னாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

கலாமணி அவரைப் பார்த்தார்.

“எத்தனை தடவை சொல்ல வந்தாங்கன்னு நான் கேக்கலீங்க,” என்றார்.

சென்னியப்பன் இலையை மடித்து எடுத்துக்கொண்டார். அலமாரியின் மேல் இருந்த நோட்டை மறந்துவிட்டுப் போனார். வழியில் வாய்க்காலில் இலையை விட்டுவிட்டு, அது பாலத்தடியில் போகும் வரை நின்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி வாசலில் நின்றது. தெய்வானை பையோடு வந்தார். பையைப் பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பானட்டுக்குள் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. சென்னியப்பனும் சொல்லவில்லை.

கவுந்தப்பாடி வந்தது. வண்டி நிற்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் இந்த நேரத்துக்கு அவர் ஆறு மெக்கானிக்குகளையும் ரோட்டையும் பஸ் டிரைவர்களையும் பேசித் தீர்த்திருப்பார். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். தெய்வானை இரண்டு தடவை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது.

சித்தோடு தாண்டியதும் தெய்வானை மெதுவாகச் சொன்னார்.

“ஏனுங்க. ஏதோ சத்தம் வருதுங்க.”

சென்னியப்பனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ‘சித்தெ சும்மாரு’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

“எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வியைத் தெய்வானை எதிர்பார்த்திருக்கவில்லை.

“பின்னாடிங்க. என்ற பக்கம். டக்டக்குன்னு அடிக்குது.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். பையின் வார் கதவிடுக்கில் மாட்டி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு வளையம்தான் வழியெல்லாம் வண்டியில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த இடத்தில் பெயின்ட் போயிருந்தது.

கதவைத் திறந்து பையைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. சாமி படத்தின் சட்டம் துணிக்குள்ளிருந்து விரலில் இடித்தது. பையோடு முன் ஜன்னலுக்கு வந்து நின்றார். முப்பத்தைந்து வருஷத்தையும் சொல்லலாம், எலுமிச்சையையும் சொல்லலாம்.

“இதை எங்க வெக்கட்டும்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.

தெய்வானை பையைப் பார்த்தார். தோல் உரிந்திருந்த அவர் விரல் முட்டிகளைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு லாரி போனது. அது போய் முடியும் வரைக்கும் சென்னியப்பன் காத்திருந்தார்.

“டிக்கியில போடுங்க,” என்றார் தெய்வானை. “மத்தியானம் நம்ம ஊட்டுக்குப் போயி எடுத்துக்கலாம்.”